வளையமிட்ட கால்

இனத்தைக் காப்பதற்காக அந்த இனத்தின் ஒரு பறவையைப் பிடித்து வதைக்கலாமா? இங்கிலாந்தின் பென்னைன் மலைகளில் அருகிவரும் ட்வைட் குருவி இக்கேள்வியைக் கூர்மையாக்குகிறது. குஞ்சுக்குக்கூட விதையையே ஊட்டும் பறவை அது. பூண்டுகள் மண்டிய பழைய புல்வெளிகள் அழிய அழிய, அதன் இரையும் போயிற்று. இனப்பெருக்கம் செய்யும் மலைகளில் காலில் நிற வளையம் பூட்டப்பட்ட குருவிகள் குளிர்காலத்தில் கிழக்குக் கடற்கரையின் உப்புச் சதுப்புகளில் தென்பட்டன. மலையை மட்டும் காத்தால் போதாது என்பது அப்படித்தான் தெரியவந்தது.

இந்த அறிவுக்கு விலை உண்டு. மெல்லிய வலையில் சிக்கிய குருவியின் கழுத்தை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் இறுக்காமல் பிடித்து, எண் பொறித்த உலோக வளையத்தையும் நிற வளையங்களையும் காலில் மாட்டுகிறார்கள். கையிலிருக்கும் உயிரின் எடை சுமார் 15 கிராம். இத்தகைய வலைகளைப் பற்றி 2012இல் வந்த ஆய்வொன்றில், பிடிபட்ட பறவைகளில் இறந்தவை 1000க்கு மூன்றுக்கும் குறைவு. சிறிய எண்தான், ஆனால் இறந்த பறவைக்கு அது விகிதமல்ல, முழு வாழ்வு.

விலங்குரிமைத் தத்துவவாதி டாம் ரீகன் 1983இல் எழுப்பிய ஆட்சேபம் இதுவே: முழுமையின் நலனுக்காகத் தனி உயிரைப் பலியிட இடந்தருகிறது சூழலியலாளர் ஆல்டோ லியோபோல்டின் நில அறம். எனினும் லியோபோல்டே தம் விஸ்கான்சின் பண்ணையில் சிக்கடிப் பறவைகளுக்கு வளையமிட்டவர். ஐந்து குளிர்காலங்களைத் தாண்டிய 65290 என்ற வளைய எண்ணுடைய ஒற்றைப் பறவையைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். வளையம் கூட்டத்திலிருந்து ஒன்றைப் பிரித்துக் காட்டுகிறது. அந்த ஒன்றின் வழியாகவே கூட்டத்தின் போக்கு புலப்படுகிறது. ரீகன் எதிரெதிராக நிறுத்திய இரண்டும் இங்கே ஒன்றையொன்று சார்ந்து நிற்கின்றன.

சமணரின் தத்துவார்த்த சூத்திரம் கவனமின்மையால் உயிருக்குச் செய்யும் தீங்கை இம்சை என வரையறுக்கிறது. வளையமிடுவோருக்கு இதைவிடப் பொருத்தமான அளவுகோல் கிடைப்பது அரிது. நிறத்தைத் தேர்வதிலும் கவனம் வேண்டும்: சிவப்பு வளையமிட்ட ஆண் வரிக்குருவிகளைப் பெண் குருவிகள் அதிகம் நாடியதை ஆய்வாளர் நான்சி பர்லி 1980களில் காட்டினார். அடையாளத்துக்காக மாட்டியது இணைதேர்வையே திருப்பிவிடலாம். மறுபுறம், உலோக வளையத்தின் எண்ணைப் படிக்கப் பெரும்பாலும் பறவையை மறுபடி பிடிக்க வேண்டும். நிற வளையத்தைத் தொலைநோக்கியில் தூரத்திலிருந்தே படிக்கலாம். ஒரு முறை பட்ட தொல்லையோடு முடிந்துவிடுகிறது.

அந்தத் தொல்லையும் கடன்தான். பறவையிடம் கேட்காமல் வாங்கிய கடன் என்பதால், அதை ஆய்வேட்டில் அடைத்துவிட முடியாது. பென்னைன் உழவர்களோடு சேர்ந்து புல்வெளிகளில் டேன்டிலியன், சாரல் ஆகிய பூண்டுகளின் விதைகளை மறுபடி தூவிய பணி அதைத் திருப்பிச் செலுத்தும் முறைகளில் ஒன்று.