நூறாவது சதமும் ஒற்றைக்கால் தவமும்

சர்வதேசத் துடுப்பாட்டத்தில் 100 சதங்களை அடித்த சச்சின் டெண்டுல்கர் பெரியவரா, 80 சதங்களைக் கடந்து அவ்வெல்லையை நோக்கிச் சென்ற விராட் கோலி பெரியவரா என்னும் வாதம், வடமராட்சியின் மைதான ஓரங்களிலும் தேநீர்க் கடைகளிலும் எத்தனையோ மாலைப் பொழுதுகளை எடுத்துக்கொண்டிருக்கிறது. 63 சதங்களுடன் ஓய்வுபெற்ற நம் குமார் சங்கக்காரவை அவ்விருவருக்கும் நடுவே கொண்டுவந்து நிறுத்தி வாதத்தை வளர்ப்போரும் உண்டு. ஆட்டங்களின் தொகை, ஆடுகளத்தின் தன்மை, எதிர்த்துப் பந்து வீசியோரின் வலிமை என்று இளைஞர்கள் அடுக்கும் நியாயங்கள் கேட்பதற்குச் சுவையானவை. அவற்றுக்குத் தீர்ப்புக் கூறும் நோக்கம் எனக்கில்லை. அவ்வாதத்தின் அடியிலே எவராலும் எழுப்பப்படாது கிடக்கும் வேறொரு வினா என் மனத்தை நெடுநாளாகப் பற்றியிருக்கிறது. தான் செய்தவற்றைத் தானே எண்ணி, இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று தாகங்கொள்ளும் மனிதனுடைய பிரயத்தனத்தை ஆணவம் என்று விலக்குவதா, தவம் என்று வணங்குவதா? சித்திரைப் பௌர்ணமியில் முத்துமாரியம்மனுக்கு இந்திரவிழா எடுக்கும் வல்வெட்டித்துறை, உலக சாதனைகளை வாழ்நாள் விரதமாகக் கொண்ட ஒருவரைப் பெற்ற ஊருமாகையால், இவ்வினாவுக்கு விடை தேடும் கடமை மற்றெவரையும்விட நமக்கே அதிகமென்று கருதுகிறேன்.

பக்திமான்கள் உடனே கூறும் விடை ஒன்றுண்டு. பலனை விரும்பாதே என்று கீதை உபதேசித்திருக்க, சதத்தை எண்ணி ஆடுவது பற்றுதான் என்பர். இது மிகவும் எளிதில் கிடைத்துவிட்ட விடை என்பது என் அபிப்பிராயம். பகவான் அவ்வுபதேசத்தைச் செய்தது காட்டில் கண்மூடியிருந்த துறவிக்கன்று; கையில் வில்லேந்தி நின்ற போர்வீரனுக்கு. அம்பு தொடுப்பவன் இலக்கை நோக்காது தொடுத்தல் இயலாது. வரும் பந்தை எத்திசையில் அனுப்புவது என்ற சங்கற்பமின்றித் துடுப்பை வீசுபவன் அடுத்த பந்திலேயே ஆட்டமிழந்து திரும்புவான். கைவிடும்படி கீதை கேட்பது இலக்கையன்று, இலக்கு தனக்கே உரியது என்னும் பாத்தியதையை. ஆயினும் இப்பாகுபாடு ஏட்டிலே விளங்குவதுபோல வாழ்க்கையிலே இலகுவில் விளங்குவதில்லை.

டெண்டுல்கருக்கு நேர்ந்ததைப் பாருங்கள். 2011 மார்ச் 12இல் நாக்பூரில் தென்னாபிரிக்காவுக்கு எதிராக அவர் தமது 99ஆவது சதத்தை அடித்தார். அதன்பின் மூன்று வாரங்களுக்குள், தம் வாழ்நாள் முழுவதும் வேண்டி நின்ற உலகக் கிண்ணத்தை, நம் இலங்கை அணியை வென்றே, மும்பை வான்கடே மைதானத்தில் பெற்றார். நிறைவு அங்கேயே வந்துவிட்டது என்று சொல்லத்தக்க நாள் அது. ஆனால் உலகம் அவரை அந்நிறைவில் இருக்கவிடவில்லை. ஓவலில் 91, அதே வான்கடேயில் 94 என்று, நூறாவது சதம் கைக்கெட்டும் தூரத்தில் வந்து வந்து விலகியது. 91 ஓட்டங்களைப் பெற்ற மனிதனைத் தோற்றவனாக எண்ண வைக்கும் ஆற்றல் ஓர் எண்ணுக்கு எங்கிருந்து வந்தது? அவர் ஆடிய அழகு எவர் கண்ணிலும் படவில்லை. ஆடாத ஒரு சதமே எல்லோர் கண்ணையும் நிறைத்துக்கொண்டு நின்றது. ஓராண்டுக்குப் பின் 2012 மார்ச் 16இல் மிர்பூரில், 114 ஓட்டங்களுடன் அச்சதம் வந்தது. அந்த ஆட்டத்திலே வங்காளதேசம் வென்றது. எண்ணிக்கை நிறைவேறிய நாளும் அணி தோற்ற நாளும் ஒன்றாக அமைந்ததைத் தற்செயல் என்று தள்ளிவிட மனம் ஒப்பவில்லை.

கோலியின் கதை வேறு வகையானது. 2019 நவம்பரில் கொல்கத்தாவில் 70ஆவது சதத்தை அடித்தவருக்கு அடுத்ததற்காக ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. அந்த வறட்சியின் முடிவிலே அவர் ஒரு மாத காலம் துடுப்பைத் தொடாதிருந்தார். தொட்டபோது, 2022 செப்டம்பரில் துபாயில், அதுவரை தாம் சதமே கண்டிராத சர்வதேச இருபது ஓவர் ஆட்டத்தில், 71ஆவது சதம் வந்தது. தாமே எதிர்பாராத வகையான ஆட்டத்தில் அது வந்ததாக அவர் வியந்து கூறினார். பின்னர் 2023 நவம்பர் 15இல் வான்கடேயில் நியூசிலாந்துக்கு எதிராக ஒருநாள் போட்டிகளில் தமது 50ஆவது சதத்தை நிறைவுசெய்து, டெண்டுல்கரின் 49ஐத் தாண்டிய கணத்தில், பார்வையாளர் மாடத்தில் அமர்ந்திருந்த அந்த முன்னோடியை நோக்கித் தலைதாழ்த்தி வணங்கினார். கோடிக்கணக்கானோர் அதைக் கண்டார்கள். மரியாதை என்றே பலரும் அதைக் கொண்டனர். எனக்கு அதனுள் ஒரு சாத்திரப் பொருள் தெரிகிறது.

நாவலர் பெருமான் காலந்தொட்டு யாழ்ப்பாணத்துச் சைவர்கள் கற்றும் கற்பித்தும் வந்த சித்தாந்தத்தின்படி, ஆணவம் என்பது செருக்கு மாத்திரமன்று. அது மறைத்தல் தொழிலையுடைய மலம். இருளானது பொருளைத் தெரியாமற் செய்வதுபோல, உயிருக்கு உள்ளதை உள்ளபடி காட்டாது நிற்பது அதன் இயல்பு. அதனினும் நுட்பமான கோட்பாடு ஒன்று உண்டு: முத்தியிலும் ஆணவம் என்னும் பொருள் அழிவதில்லை, அதன் மறைக்கும் சக்தியே அடங்கிப்போகிறது. இதைச் சிந்திக்குந்தோறும், சாதனை வேட்கை பற்றிய நம் வினாவுக்கு இதனினும் பொருத்தமான அளவுகோல் இல்லை என்று தோன்றுகிறது. எண்ணின் மீதுள்ள ஆசையை வேரோடு கெல்லி எறியுமாறு ஓர் ஆட்டக்காரனைக் கேட்பது வீண்; அவ்வாசை அவனுக்கு எதையெதை மறைக்கிறது என்று கேட்பதே தகும். முன் சென்றவனை மறைக்கிறதா, எதிரே நின்று பந்து வீசுபவனின் உழைப்பை மறைக்கிறதா, தன் அணியை மறைக்கிறதா? டெண்டுல்கருடைய நூறாவது சதம் ஓராண்டு காலம் டெண்டுல்கரையே நம் கண்ணுக்கு மறைத்தது. அந்த மலம் அவருடையதன்று, நம்முடையது. கோலியுடைய ஐம்பதாவது சதம் டெண்டுல்கரைக் காட்டிக்கொடுத்தது.

(எண்களின் மறைப்பு வேறொரு வகையிலும் நிகழ்கிறது. 1947இல் சென்னை சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக 215 ஓட்டங்களைக் குவித்தவர் மகாதேவ சதாசிவம். இலங்கைக்குத் தலைமை தாங்கிய தமிழர். இலங்கை தன் முதலாவது டெஸ்ட் போட்டியை ஆடியதே 1982இல் ஆகையால், சர்வதேசச் சதங்களின் பட்டியலில் அவருக்கு இடமில்லை. பட்டியலை மாத்திரம் கற்கும் பிள்ளைக்கு அவர் பிறக்கவேயில்லை.)

இனி நம் கடலுக்கு வருவோம். வடக்கே நோக்கிய நம் கரையிலிருந்து எதிரே கோடியக்கரை வரையுள்ள பாக்கு நீரிணையை நீந்திக் கடக்கலாம் என்று முதலில் காட்டியவர், அயலூராகிய தொண்டைமானாற்று முருகுப்பிள்ளை நவரத்தினசாமி. 1954 மார்ச்சில் வல்வெட்டித்துறையில் இறங்கி, ஏறக்குறைய 27 மணித்தியாலம் நீந்திக் கோடியக்கரையில் ஏறினார். அதன்பின் 1971இல் நம் ஊரவரான குமார் ஆனந்தன் அதே நீரிணையைப் போகவும் வரவும் ஒரே முயற்சியில் 51 மணித்தியாலத்தில் நீந்தி, ஆழிக்குமரன் என்ற பெயர் பெற்றார். இவ்விருவருள் யார் பெரியவர் என்று அயலூர்க்காரர் இருவர் வாதிட்டால் என்னாகும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. ஆனால் ஆனந்தனுடைய அந்த 51 மணித்தியாலத்தைச் சற்று நின்று நோக்குங்கள். எதிர்க்கரையை அவர் தொட்ட அந்த வேளையில் நிறைவேறியிருந்தது நவரத்தினசாமியின் முழுச்சாதனை. அதற்குப் பின்னரே, கைகளில் உப்பு ஊறி, உறக்கமற்ற கண்களுடன், எவரும் காட்டித்தராத திரும்பும் வழியில் அவர் தமது சாதனையைத் தொடங்கினார். முன்னோடியை விழுங்கிவிட்டு எவனும் அவனைத் தாண்ட முடியாது. அவனுடைய முழுத் தொலைவையும் தன் உடம்பினாலே மீண்டும் நீந்திக் காட்டவேண்டும். 50ஆவது சதத்தை அடைவதற்கு 49 சதங்களின் வழியாகவே செல்லவேண்டியிருப்பதும் இவ்வாறே.

ஆனந்தன் கடலுடன் நிற்கவில்லை. சட்டம் கற்ற அவர், கின்னஸ் ஏட்டிலே பதிவதற்காக ஒன்றன்பின் ஒன்றாக அரிய காரியங்களைச் செய்தார். அவற்றுள் ஒன்று, 1980இல் கொழும்பிலே 33 மணித்தியாலம் ஒற்றைக்காலில் நின்றது. இதை வேடிக்கை என்று நகைத்தவர்களும் இருந்திருக்கலாம். புராணம் கேட்டு வளர்ந்த ஊரிலே ஒற்றைக்கால் நிலையை வேடிக்கை என்பது எவ்வாறு? மாமல்லபுரத்துப் பாறையிலே மெலிந்த உடலுடன் ஒற்றைக்காலில் நிற்பவன் அர்ச்சுனன் என்பர் சிலர், பகீரதன் என்பர் வேறு சிலர். ஆயினும் இரணியனும் அவ்வாறே கைகளை உயர்த்தி, கால்விரல் ஊன்றிக் கடுந்தவம் இயற்றியவன்தான். ஆகவே நிற்கும் காலையும் நின்ற காலத்தையும் அளந்து ஒரு செயலைத் தவமென்றோ ஆணவமென்றோ துணிய முடியாது. வேறுபாடு அவர்கள் வேண்டிய வரத்திலே இருக்கிறது. தான் எவற்றாலும் மடியாதிருக்க வேண்டும் என்று இரணியன் கேட்டான். தன் முன்னோரின் சாம்பல் நனைய நீர் வேண்டும் என்று பகீரதன் கேட்டான். ஒருவனுக்கு முன்னும் பின்னும் எவருமில்லை. மற்றவன் நின்ற நிலை முழுவதும் முன்னோர் கடன்.

ஆனந்தன் எந்த வரத்தை வேண்டி நின்றார் என்று அவர் உள்ளத்துள் புகுந்து சொல்ல எவருக்கும் உரிமையில்லை. 1984 ஓகஸ்ட் 6இல், ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்கும் முயற்சியில், 41ஆவது வயதில் அவர் உயிர் நீத்தார். அக்கால்வாயை 1875இல் முதன்முதலாக நீந்திக் கடந்த மத்தேயு வெப் என்ற மாலுமியும், எட்டாண்டுகளுக்குப் பின் நயாகராவின் சுழலை நீந்த முயன்று மாண்டார். இத்தகைய மரணங்களைக் கேட்கும்போது, ஆசைதானே கொன்றது என்று நாவெடுப்போர்மீது எனக்கு வருத்தமுண்டு. ஆசை கொன்றதென்றால், அதே ஆசைதான் எதிர்க்கரையிலிருந்து அவரைத் திருப்பி நம் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்ததும். வினையின் பயனை நுகர்வதற்குச் செய்தவன் இருத்தல் வேண்டும், ஒருவன் வினையை மற்றொருவன் நுகர்தல் கூடாது என்பது சாத்திரம். எனினும் வழி திறத்தல் என்னும் செயல் செய்தவனுடைய வினைக்கணக்குக்குள் அடங்காது, பின்வரும் ஒவ்வொரு நீச்சற்காரனுடைய கையிலும் தோளிலும் போய்ச் சேர்கிறது என்று நம்புகிறேன். மாடத்தை நோக்கிக் கோலி தலைதாழ்த்தியபோது ஏற்றுக்கொண்டது அந்தக் கடனைத்தான்.

ரேவடிக் கடற்கரையில் ஆழிக்குமரன் பெயரால் இன்று நீச்சல் தடாகம் இருக்கிறது. அங்கே முதன்முதலாக நீரில் இறங்கும் பிள்ளைகளுக்கு 1971ஐச் சொல்லும் முன் 1954ஐச் சொல்லவேண்டும் என்பது என் வேண்டுகோள். அடுத்த ஊரார் ஒருவருடைய பெயரை முதலிலே கூறுவதனால் நம்மவருடைய பெயருக்குக் குறைவு நேருமென்று யாரும் அஞ்சவேண்டாம். தம் 51 மணித்தியாலத்தின் முற்பகுதியை ஆனந்தன் நீந்தியது அந்தப் பெயருக்குரிய நீரிலேதான்.