ஓய்ந்த கையின் பாரம் யார் மேல்?

தியானப் பகுதி: யாத்திராகமம் 17:8-13, கலாத்தியர் 6:1-5

 

என் வலது தோளில் ஆபரேஷன் நடந்து ஐந்து மாதம் ஆகிறது. உபவாசித்து ஜெபித்தவர்கள், சாப்பாட்டுக் கேரியரோடு வந்தவர்கள், சும்மா வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போனவர்கள், எல்லாருக்கும் என் நன்றி. "கை எப்படி இருக்கு பாஸ்டர்?" என்று அநேகர் கேட்டீர்கள். லோடு ஏற்றும் வேலை செய்கிற ஒரு சகோதரர் மட்டும் வேறு ஒன்று கேட்டார்: "பாஸ்டர், எனக்கும் இதே தோள்வலிதான். கத்தி வைக்கணும்னு சொல்லிட்டாங்க. ஆறு மாசம் என் கை ஓஞ்சுபோனா, என் வீட்டை யார் சுமப்பாங்க? அடுத்தவங்க தலையில என் பாரத்தை வைக்கிறது நியாயமா?"

இது பலவீனமான விசுவாசத்தின் கேள்வி அல்ல. நேர்மையாக உழைத்துச் சாப்பிடுகிற ஒரு மனுஷனின் கேள்வி. அதனால் இந்த மாதம் அதையே தியானிப்போம்.

ஆபரேஷனுக்குப் போவதே அவிசுவாசம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எசேக்கியா ராஜாவுக்குச் சுகம் கிடைக்கும் என்று கர்த்தரே வாக்குக் கொடுத்தார். வாக்குக் கொடுத்த பிறகும் அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னார் ஏசாயா. ராஜா எழுந்து ஆலயத்துக்குப் போக மூன்றாம் நாள் வரை ஆனது (2 இராஜாக்கள் 20:5-7). வாக்குத்தத்தமும் மருந்தும் காத்திருப்பும் ஒரே அதிகாரத்தில் சண்டையில்லாமல் இருக்கின்றன. இதற்குமேல் இதை நீட்ட வேண்டாம்.

தோளின் கணக்கு

தோள் என்பது உரலில் உட்கார்ந்த குழவி மாதிரி ஆழமாக உட்கார்ந்திருப்பதில்லை. சின்னத் தட்டின்மேல் வைத்த எலுமிச்சம்பழம் மாதிரிதான் அந்த மூட்டு. அதனால்தான் கையை எல்லாப் பக்கமும் சுழற்ற முடிகிறது. அதனால்தான் அது சீக்கிரம் கெட்டும் போகிறது. அந்தப் பழம் உருண்டு விழாமல் நான்கு தசைகளின் நார்கள் அதைச் சுற்றிப் பிடித்திருக்கின்றன. வருஷக்கணக்காகப் பாரம் தூக்குவதாலும், தலைக்குமேல் கையை உயர்த்தி வேலை செய்வதாலும், கீழே விழுவதாலும் அந்த நார் கிழிகிறது. எனக்குக் கிழிந்ததும் அதுதான்.

டாக்டர் என்ன செய்கிறார்? சின்ன ஆணி போன்ற ஒன்றை எலும்பில் பதித்து, கிழிந்த நாரை நூலால் இழுத்துக் கட்டுகிறார். அவர் வேலை அதோடு முடிகிறது. நூல் பிடித்துத்தான் வைக்கும், ஒட்ட வைக்காது. நாரும் எலும்பும் ஒட்டுவது சரீரத்துக்குள் நடக்கிற காரியம், மெதுவாகத்தான் நடக்கும். பொதுவாக முதல் 4 முதல் 6 வாரம் கை தூளியில் தொங்கும். அந்த நாட்களில் நாமாகக் கையைத் தூக்கக் கூடாது, இன்னொருவர்தான் பிடித்து அசைக்க வேண்டும். பிறகு மெல்ல நாமே அசைக்கலாம். பலம் சேர்க்கிற பயிற்சி பெரும்பாலும் 12 வாரத்துக்குப் பிறகுதான். மூட்டை தூக்க நாலு மாதம், ஆறு மாதம், சிலருக்கு அதற்கும் மேலே. ஆளுக்கு ஆள் மாறும், உங்கள் டாக்டர் சொல்வதுதான் உங்கள் கணக்கு.

இதிலே ஒரு ஆபத்து இருக்கிறது. வலி முதலில் போய்விடும், பலம் பின்னால்தான் வரும். வலி போனவுடனே "சுகமாயிட்டேன், சாட்சி சொல்றேன்" என்று அரிசி மூட்டையைத் தூக்கினால் கட்டினது மறுபடி கிழியலாம். சாட்சி சொல்லுங்கள். மூட்டையை மட்டும் தூக்காதிருங்கள்.

வலி இல்லாதது ஆசீர்வாதம் என்றே நாம் நினைக்கிறோம். 1946ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், குஷ்டரோகிகளின் கைகளைப் பார்த்து வேறு ஒன்றைக் கற்றுக்கொண்டார். அவர்களுடைய விரல்கள் தேய்ந்துபோனதற்கு முக்கியமான காரணம், வலி தெரியாமல் போனது. சுடுகிற பாத்திரத்தைப் பிடித்தாலும் கை பின்வாங்காது. வலி ஒரு காவற்காரன் என்பதை அவர் வாழ்நாள் முழுவதும் எழுதியும் பேசியும் வந்தார். காவற்காரன் தூங்கின நேரத்தில் வீட்டுக்காரன்தான் விழித்திருக்க வேண்டும்.

இரண்டு விதப் பாரம்

கலாத்தியர் 6ம் அதிகாரத்தில் பவுல் ஒருவர் பாரத்தை மற்றவர் சுமக்கச் சொல்லுகிறார் (வசனம் 2). மூன்று வசனம் தாண்டி, ஒவ்வொருவனும் தன் சொந்தப் பாரத்தைச் சுமப்பான் என்கிறார் (வசனம் 5). நம்முடைய தமிழ் வேதாகமத்தில் இரண்டு இடத்திலும் "பாரம்" என்ற ஒரே சொல் வருவதால், பவுல் தனக்குத்தானே முரண்படுகிறாரோ என்று தோன்றும். கிரேக்கத்தில் இரண்டும் வேறு வேறு சொல். முதலாவது "பாரோஸ்", ஒருவனை அழுத்தி நசுக்குகிற பளு. இரண்டாவது "ஃபோர்தியோன்", ஒரு ஆள் தன் முதுகில் கொண்டுபோகிற அளவான சுமை.

தோளுக்கு இதை வைத்துப் பாருங்கள். தினமும் குனிந்து கையை ஊசலாட விடுவது, சுவரில் விரலாலே ஏணி ஏறுகிறதுபோல ஏறுவது, பாதி உட்கார்ந்தபடி ராத்திரியைக் கழிப்பது, இவையெல்லாம் ஃபோர்தியோன். என் மனைவி எனக்காகச் சுவர் ஏற முடியாது, சபை எனக்காக ஏற முடியாது. பிசியோதெரபியைப் பாதியில் விட்டுவிட்டு "ஜெபம் பண்ணுங்க" என்று சொல்லுகிறவன் தன் சொந்தச் சுமையை அடுத்தவன்மேல் வைக்கிறான்.

கேஸ் சிலிண்டர், தண்ணீர்க் கேன், பிள்ளையைப் பள்ளிக்கூடம் விடுகிறது, அந்த மாதத்துக் குழுக் கடன், இவை பாரோஸ். ஒற்றைக் கையுள்ளவனை இவை நசுக்கும். இதிலே உதவி வாங்க வெட்கப்படுகிறது தாழ்மையல்ல. வேலைசெய்யாதவன் சாப்பிடக் கூடாது என்ற வசனம் (2 தெசலோனிக்கேயர் 3:10) வேலைசெய்ய மனதில்லாதவனைக் குறித்தது. மனதிருந்தும் கை எழும்பாதவனை அது குத்தவில்லை. அந்தச் சகோதரருக்கு என் முதல் பதில் இதுதான்.

மோசேயின் கைகள் மலையுச்சியில் தளர்ந்தபோது என்ன நடந்தது என்று கவனியுங்கள். ஆரோனும் ஊரும் ஒரு கல்லை எடுத்துப் போட்டு அவனை உட்காரவைத்தார்கள். ஒருவன் இந்தப் பக்கம், ஒருவன் அந்தப் பக்கம் கைகளைத் தாங்கினார்கள். கோலைப் பிடுங்கிக்கொண்டு "நாங்க பாத்துக்கறோம், நீங்க கூடாரத்துக்குப் போங்க" என்று சொல்லவில்லை. மோசேயும் "நானே பாத்துக்கறேன்" என்று வீம்பு பிடிக்கவில்லை. ஊழியம் அவனுடையது, பளு மூன்று பேருடையது. இன்னொன்றும் பாருங்கள்: இரண்டு கையையும் ஒரே ஆள் தாங்கியிருந்தால் சூரியன் அஸ்தமிக்குமுன்னே அவனும் சோர்ந்து விழுந்திருப்பான்.

வேலூரில் ஒரு சாட்சி

நமக்கு 60 கிலோமீட்டர் சுமாருக்குள், காட்பாடி இறங்கினால் வேலூர். அங்கே சி.எம்.சி.யில் டாக்டர் மேரி வர்கீஸ் என்ற கேரள சகோதரி இருந்தார். 1954ல் நடந்த வாகன விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே செயல் இழந்தார். டாக்டர் படிப்பெல்லாம் வீண் என்று நினைக்கிற நிலைமை. டாக்டர் பிராண்ட் அவரிடத்தில், குஷ்டரோகிகளின் கையில் செய்கிற ஆபரேஷனை உட்கார்ந்தபடியே செய்யலாம் என்றார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து அந்த அம்மா எத்தனையோ கைகளைத் திருத்தினார். பிறகு வெளிநாட்டில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, 1966ல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கக் காரணமானார். 1972ல் பத்மஸ்ரீ விருது. 1986ல் மரித்தார்.

அவரை நாற்காலியில் தூக்கி வைத்தவர்கள், தள்ளிக்கொண்டு போனவர்கள் எத்தனை பேரோ! அவர்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் அதிகம் வராது. தூக்கிவிட ஆள் வேண்டியிருந்ததால் அவர் வேலை குறைந்த வேலை ஆகிவிடவில்லை. கத்தியைப் பிடித்த கை அவருடையதாகவே இருந்தது.

யார் தோளுக்கு மாறுகிறது?

இப்போது கேள்வியின் கடினமான பகுதிக்கு வருவோம். ஒரு கை ஓய்ந்தால் அதிலிருந்த பாரம் காற்றில் கரைந்துபோகாது, இன்னொரு தோளுக்கு மாறும். யாருடைய தோள்? நம்முடைய வீடுகளில் பதில் தெரிந்ததுதான், அம்மாவுடையது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனிகளில் அப்பர் தைக்கிற சகோதரிகளைக் கேளுங்கள். நாளெல்லாம் மெஷின்மேல் குனிந்து அவர்களுக்கும் தோள்வலிதான். வீட்டுக்கு வந்தால் புருஷனுக்குச் சட்டை போட்டுவிட்டு, தலை சீவிவிட்டு, சிலிண்டரையும் உருட்டுகிறார்கள். அவர்களுக்கு எக்ஸ்ரே எடுக்க ஒருவரும் கூட்டிப்போவதில்லை.

ஒருவன் இறக்கிவைத்ததை முழுவதும் இன்னொருத்தி தலையில் ஏற்றினால், அதற்குப் பாரம் சுமத்தல் என்று பெயர். பாரத்தைப் பகிர்தல் வேறு. பவுல் பன்மையில்தான் பேசினார்.

ஆபரேஷனுக்கு முந்தின வாரம் எங்கள் வீட்டில் நாலு பேரும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினோம். நான் செய்கிற வேலை என்னென்ன, இனி யார் செய்வது? மனைவி பேருக்கு நேரே இரண்டுக்குமேல் எழுதுவதில்லை என்பது தீர்மானம். தண்ணீர்க் கேன் பெரிய மகனுக்கு. சின்னவளைப் பள்ளிக்கு விடுகிறது பக்கத்து வீட்டு சகோதரருக்கு. ஞாயிற்றுக்கிழமை பாய் விரித்து ஸ்பீக்கர் கட்டுகிறது வாலிபர்களுக்கு. ஞானஸ்நானம் கொடுக்கத் தண்ணீரில் ஒரு ஆளைத் தாங்க இரண்டு தோளும் வேண்டுமே, அதற்குப் பக்கத்து ஊர்ப் பாஸ்டர் வந்தார். இடது கையாலே நான் செய்யக்கூடிய வேலையையும் எழுதினோம்: பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருவது, கீரை ஆய்வது, போனில் ஜெபிப்பது. அப்படிச் செய்தும் மனைவிக்குத்தான் களைப்பு அதிகம். ராத்திரி கையை அசைத்துவிட எழுந்தது அவர்தானே. ஆனாலும் அது ஒருத்தி தலையில் விழுந்த மலையாக இல்லை.

சபையின் பங்கு

சம்பளக் கணக்கையும் பாருங்கள். ஈ.எஸ்.ஐ.யில் இருக்கிறவருக்கு வியாதி விடுப்பில் சம்பளத்தில் 70 சதவீதம், வருஷத்துக்கு அதிகபட்சம் 91 நாள் கிடைக்கும். அதற்கு முன் ஆறு மாதக் கணக்கில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். 12 வாரம் என்பது 84 நாள். அதாவது, கைக்குப் பலப்பயிற்சி ஆரம்பித்து ஒரே வாரத்தில் பணம் நின்றுவிடும். நான் ஒரு கம்பெனி ஸ்டோர்ஸில் கணக்குப் பார்க்கிறவன். பேனா பிடித்தால் போதும், அதனால் திரும்பிப் போய்விட்டேன். தோல் ஷாப்பில் ஈரத்தோல் தூக்குகிறவருக்கு அந்த 91ம் நாளில் என்ன வழி? காண்டிராக்டில் தினக்கூலியாக, ஈ.எஸ்.ஐ.யே இல்லாதவருக்கு முதல் நாளே வழியில்லை. காப்பீட்டு அட்டை ஆஸ்பத்திரி பில்லைப் பார்க்கும், அரிசியைப் பார்க்காது. கிழிந்த தோளோடு ஜனங்கள் மறுபடி மூட்டைக்கடியில் போவது பேராசையினால் அல்ல, இந்த இடைவெளியினால்.

அந்த இடைவெளியில்தான் சபை நிற்க வேண்டும். பசியாயிருக்கிறவனிடம் நல்ல வார்த்தை மட்டும் சொல்லி அனுப்புவதை யாக்கோபு என்ன என்று எழுதினார்? (யாக்கோபு 2:15-17) முதல் வாரத்தில் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் நிறைய வருகின்றன. எட்டாம் வாரத்தில் ஒருவரும் வருவதில்லை. தூளி கழன்றவுடனே "சுகமாயிட்டார்" என்று நாம் முடிவுகட்டுகிறோம். உண்மையில் பணம் தீர்கிற காலம் அப்போதுதான். மூன்றாம் மாதத்துக்கு ஒரு காணிக்கையை எடுத்து வையுங்கள். "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்று சொல்லாதிருங்கள், மானமுள்ளவன் சொல்லமாட்டான். "நாளைக்கு ரேஷன் கடைக்கு நான் போறேன், கார்டைக் கொடுங்க அண்ணே" என்று கேளுங்கள். சகோதரிகள் அந்த வீட்டம்மாவிடம் "உங்க தோள் எப்படி இருக்குக்கா?" என்றும் கேளுங்கள்.

சபையார் சிலருக்கு இன்னொரு வருத்தம். ஆராதனையில் எல்லாரும் இரண்டு கைகளையும் உயர்த்தும்போது பாஸ்டருக்கு ஒரு கைதானே ஏறுகிறது என்று. இப்போது வலது கை காதுமட்டும் வருகிறது. தேவன் கையின் உயரத்தை அளந்து ஸ்தோத்திரத்தை வாங்கிக்கொள்கிறவர் அல்ல. காணாமற்போன ஆட்டைக் கண்டுபிடித்த மேய்ப்பன் அதைத் தன் தோள்களின்மேல் போட்டுக்கொண்டான் (லூக்கா 15:5). அந்த ஆடு வெட்கப்பட்டதாக வேதத்தில் இல்லை. மேய்ப்பன் சந்தோஷப்பட்டான் என்றுதான் இருக்கிறது.

தேவ பிள்ளையே, உன் கை ஓய்ந்திருந்தால், உன் சுவரை நீயே ஏறு, உன் மூட்டையைக் கொடுத்துவிடு. உன் கை பலமாயிருந்தால், உன் பக்கத்தில் யாருடைய தோள் இரட்டைப் பாரம் சுமக்கிறது என்று இந்த வாரமே திரும்பிப் பார். ஆரோன் ஒருவன் போதாது, ஊரும் வேண்டும்.

நம்மைத் தூக்கிச் சுமக்கிற கர்த்தர்தாமே ஒருவரையொருவர் சுமக்கிற கிருபையையும் நமக்குத் தந்தருளுவாராக. ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் சகோதரன்,
அரக்கோணம்.