நோய்க்கு யார் பெயரை வைப்பது?

எலிக்காய்ச்சல் என்கிறோம். மழை கொட்டி, பக்கிங்ஹாம் கால்வாய் மேலேறி, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டைத் தெருக்களுக்குள் புகுந்து வடிந்த பிறகு இந்தப் பேச்சு கிளம்பும். ஆள் வந்து பிளீச்சிங் பவுடர் தூவுவார். "எலி ஜாஸ்தியா கீது, குப்பைய கண்ட எடத்துல கொட்டாதீங்க" என்று ஒரு புத்திமதி. காய்ச்சல் யாருடையது என்ற கேள்வி அதோடு முடிந்துவிடுகிறது. எலியுடையது. கொஞ்சம் போனால் சேரிக்காரனுடையது.

எலி செய்வது இவ்வளவுதான். லெப்டோஸ்பைரா என்கிற சுருள் கிருமி அதன் சிறுநீரகத்தில் குடியிருக்கிறது. எலிக்கு அதனால் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. மூத்திரத்தோடு வெளியே வரும் கிருமி ஈரமண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் வாரக்கணக்கில்கூட உயிரோடு கிடக்கும். காலில் வெடிப்போ சிராய்ப்போ உள்ளவர் அதில் நின்றால் உள்ளே போய்விடும். பலருக்குச் சாதாரணக் காய்ச்சலாக வந்து போகிறது. சிலருக்குக் கல்லீரலும் சிறுநீரகமும் கெட்டு, கண் மஞ்சளாகி, ஆளையே கொன்றுவிடுகிறது. சீக்கிரம் கண்டுகொண்டால் பென்சிலினோ டாக்சிசைக்ளினோ போதும். இரண்டும் பழைய மருந்து, மலிவான மருந்து.

எலி காரணமில்லை என்று நான் வாதாட வரவில்லை. எது கிருமியைச் சுமக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். ஆனால் காரணம் என்பது ஒரு சங்கிலி. கிருமி மூத்திரத்தில் வந்தது, மூத்திரம் தண்ணீரில் கலந்தது. சரி, தண்ணீர் ஏன் தேங்கியது? அதில் ஏன் இந்த ஆள் மட்டும் இறங்கி நின்றார்? காலில் ஏன் பூட்ஸ் இல்லை? அவருடைய அப்பனும் ஏன் இதே வேலை செய்தார்? எந்தக் கண்ணியில் அறுத்து 'இதுதான் காரணம்' என்று காட்டுகிறோம் என்பதை மருத்துவம் மட்டும் முடிவு செய்வதில்லை. எலியோடு நிறுத்திக்கொண்டால் யாருக்கும் சங்கடமில்லை. எலி கோர்ட்டுக்குப் போகாது.

எங்க மாமா ஒருத்தர் கால்வாயில் அடைப்பெடுக்கிற வேலைக்குப் போனவர். தினக்கூலி. காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி என்று படுத்தார், நாலு நாளில் கண்ணெல்லாம் மஞ்சள். ஆஸ்பத்திரியில் முதலில் கேட்ட கேள்வி, "குடிப்பியா?" என்பது. அவரும் ஒளிக்காமல், "எப்பவாச்சும் சாப்டுவேன் சார்" என்றார். அத்தோடு முடிந்தது விசாரணை. என்ன வேலை செய்றே, எந்தத் தண்ணியில நிக்கிறே என்று ஒருவரும் கேட்கவில்லை. செத்த பிறகு சுற்றி நின்றவர்களும் "குடிச்சே போயிட்டான்" என்றுதான் சொன்னார்கள், நம்ம ஜனங்களே சொன்னார்கள். அத்தை மட்டும், "அந்தக் காவாத்தண்ணிதான் குடிச்சுது அவரை" என்றாள். எந்தக் கிருமி என்று எவரும் சோதித்துப் பார்க்காததால் எனக்கும் நிரூபணம் எதுவும் இல்லை. கேட்கப்படாத அந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான் பேசுகிறேன்.

இதே நோய்க்கு வேறு நாடுகளில் இருந்த பெயர்களைப் பாருங்கள். இத்தாலியில் நெல்வயல் காய்ச்சல். ஸ்விட்சர்லாந்தில் பன்றி மேய்ப்போர் நோய். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் கரும்பு வெட்டுவோர் காய்ச்சல். ஜப்பானில் இனாடாவும் இடோவும் 1910களில் இந்தக் கிருமியைப் பிடித்ததே சுரங்கத் தொழிலாளரைத் தாக்கிய காய்ச்சலை ஆராய்ந்துதான். அந்தப் பெயர்களில் உழைப்பு இருக்கிறது. குயின்ஸ்லாந்தில் 1934-35இல் கரும்பு வெட்டுவோர், 'வெட்டுமுன் வயலைக் கொளுத்து, எலி ஓடட்டும், அப்புறம் இறங்குகிறோம்' என்று வேலைநிறுத்தமே செய்தார்கள். எலி மூத்திரம் அங்கே தொழிற்சங்கக் கோரிக்கையானது. இங்கே அது சுகாதார அறிவுரை.

மூத்திரம் என்று பேச்சு வந்துவிட்டதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 1927 மார்ச்சில் மகாத் சவுதார் குளத்தில் அம்பேத்கரும் தோழர்களும் தண்ணீர் குடித்தார்கள். அதன்பின் சாதி இந்துக்கள் குளத்தைச் 'சுத்தம்' செய்தது எதைக்கொண்டு? பால், தயிரோடு சாணமும் மாட்டு மூத்திரமும் கலந்து 108 பானைகளில் முக்கி. லெப்டோஸ்பைரா மாட்டின் சிறுநீரகத்திலும் குடியிருக்கிறது, மாட்டு மூத்திரத்திலும் வெளியேறுகிறது. ஆனால் மாட்டின் பெயரில் காய்ச்சல் கிடையாது. எந்த விலங்கு அசுத்தம் என்று கிருமி நூல் வருவதற்கு வெகுகாலம் முன்பே இங்கே தீர்ப்பு எழுதியாகிவிட்டது. தீட்டு என்ற சொல் கோயில் வாசலில் பழசாகிப்போனால் சுகாதாரம் என்ற சட்டையை மாட்டிக்கொண்டு திரும்ப வருகிறது. கொசுவுக்கும் இதே கதைதான். லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் தெரு, டிரம்மிலும் குடத்திலும்தான் பிடித்துவைக்க முடியும். அதில் புழு இருந்தால் குற்றம் குடத்துக்காரியுடையது.

இனி எண்ணூருக்கு வருவோம். அங்கே நோயைச் சுமந்து வருவது எலியோ கொசுவோ அல்ல, குழாயும் கால்வாயும். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் மணலி பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக எண்ணூர் கழிமுகத்தில் இறங்கியது. சென்னை பெட்ரோலியம் நிறுவன வளாகத்திலிருந்து வந்தது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொன்னது. மீனவர்கள் வாளியும் மக்கும் வைத்து அள்ளினார்கள். 2017 ஜனவரியில் எண்ணூர் துறைமுகம் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோதும் அதே வாளிதான். கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்குக் கழிமுகமே சோறு. 'எலி தின்கிறவர்கள்' என்று இளக்காரம் பேசப்படும் அதே இருளர்கள். எண்ணெய் அப்பிய கூழைக்கடாக்களின் படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. பறவைமேல் இரக்கம் வந்ததில் எனக்குப் புகாரில்லை. எண்ணெய் அப்பிய கைகளின் படம் அந்த அளவுக்கு ஓடவில்லை.

அந்த எண்ணெய் காய்வதற்குள், டிசம்பர் 26 நள்ளிரவில், கோரமண்டல் இன்டர்நேஷனல் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் ஜனங்கள் கண் எரிய, மூச்சு முட்ட, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். அந்த மூச்சுத்திணறலுக்கு என்ன பெயர்? 'வாயுக் கசிவு.' வாயு தானாகக் கசிந்தது போல. எலிக்காய்ச்சல் என்று கூசாமல் சொல்கிற நாக்கு, கம்பெனி இருமல் என்று சொல்லுமா?

2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தூய்மைப் பணியாளர்கள், தங்கள் வேலையைத் தனியாருக்குக் கொடுக்காதே என்று ரிப்பன் மாளிகை முன் 13 நாள் உட்கார்ந்தார்கள். பெண்கள்தான் அதிகம், பெரும்பாலும் நம் ஜனங்கள். நள்ளிரவில் அப்புறப்படுத்தப்பட்டார்கள். மறுநாள் அமைச்சரவை சில திட்டங்களை அறிவித்தது. அவற்றில் ஒன்று, தூய்மைப் பணியாளருக்கு வேலையால் வரும் நுரையீரல், தோல் நோய்களுக்கான சிகிச்சைத் திட்டம். 'வேலையால் வரும்' என்று அரசாங்கமே எழுதியிருக்கிறது, கவனியுங்கள். அந்த வரியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நுரையீரல், தோல் என்பதோடு எலிக்காய்ச்சலையும் அதில் பெயர் சொல்லி எழுதக் கேட்க வேண்டும். கான்ட்ராக்டில் போனவருக்கும் தினக்கூலிக்கும் அது செல்லும் என்று எழுதக் கேட்க வேண்டும். ஆஸ்பத்திரிச் சீட்டில் 'குடிப்பழக்கம் உண்டா' என்பதற்கு மேலே ஒரு வரி அச்சடிக்கச் சொல்ல வேண்டும்: எந்தத் தண்ணீரில் நின்றீர்கள், யார் நிற்கச் சொன்னார்கள்?