குறை சொல்லி விற்ற வண்டி

பழைய கார் விளம்பரங்களை நம்பினால், தமிழ்நாட்டில் டாக்டர்களைத் தவிர வேறு யாரும் கார் ஓட்டியதே இல்லை என்ற முடிவுக்குத்தான் வரவேண்டும். ‘டாக்டர் ஓட்டிய வண்டி, சிங்கிள் ஓனர், கம்பெனி சர்வீஸ், பேப்பர் எல்லாம் கிளியர், எடுத்து ஓட்ட வேண்டியதுதான்.’ இதில் பாதி பொய் என்று படிக்கிறவருக்குத் தெரியும். படிக்கிறவருக்குத் தெரியும் என்பது எழுதியவருக்கும் தெரியும். பாவம், நிஜமாகவே ஒரு டாக்டர் பதினைந்து வருஷம் பூப்போல ஓட்டிய வண்டியை விற்க வந்தால் என்ன செய்வார்? அவர் கையிலும் இதே நான்கு சொற்கள்தான் இருக்கின்றன. அவற்றைப் பொய்யர்கள் ஏற்கெனவே செலவழித்துத் தீர்த்துவிட்டார்கள்.

இந்த அவஸ்தையைப் பற்றி ஜார்ஜ் அகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 13 பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதினார். மூன்று ஆய்விதழ்கள் அதைத் திருப்பி அனுப்பின. இத்தனை அற்பமான விஷயத்தையெல்லாம் வெளியிடுவதில்லை என்று முதல் இதழ் சொன்ன கடிதம் வந்தபோது அவர் இந்தியாவில் தங்கியிருந்தார். 1970-ல் ஒருவழியாகக் கட்டுரை அச்சேறியது. 2001-ல் மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் ஆகியோருடன் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததற்கு அதுதான் அடிப்படை.

கட்டுரை சொல்வது இவ்வளவுதான். வண்டி நல்லதா மோசமா என்பது விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. தெரியாததால் அவர் எல்லா வண்டிக்கும் நடுத்தரமான ஒரு விலைதான் சொல்லுவார். அந்த விலை நல்ல வண்டிக்காரருக்குக் கட்டாது. ‘நானே வைத்து ஓட்டிக்கொள்கிறேன்’ என்று ஒதுங்கிவிடுவார். நல்லவை ஒதுங்க ஒதுங்கச் சந்தையில் நிற்பவற்றின் தரம் இறங்கும். தரம் இறங்கியது தெரிந்ததும் விலையும் இறங்கும். அடுத்த சுற்றில் சுமாரான வண்டிகளும் வீட்டுக்குத் திரும்பிவிடும். நம் ஊர்க் கடைத்தெருவும் அந்தக் கட்டுரையில் உண்டு: அரிசியின் நிறத்திலும் வடிவத்திலும் இருக்கும் கல்லை வேண்டுமென்றே கலந்து விற்பதையும், இந்தியப் பெண்கள் அதை உட்கார்ந்து பொறுக்குவதையும் அவர் குறிப்பிடுகிறார். பொறுக்கும் வேலைக்கு ஆகும் நேரமும் அரிசியின் விலையில் சேர்த்திதான்.

கார் வாங்குபவர் சார்பில் கல் பொறுக்குகிறவர் மெக்கானிக். நல்ல மெக்கானிக் வண்டி பார்ப்பதை வேடிக்கை பார்க்க எனக்கு அலுத்ததே இல்லை. வந்தவுடன் பானெட்டின் மேல் கை வைப்பார். சூடாக இருந்தால், இவர் வருவதற்கு முன்பே யாரோ ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். ஆறிக்கிடக்கும் இன்ஜின் எப்படி எடுக்கிறது என்பதை மறைக்கிறார்கள். ஓடும் இன்ஜினின் ஆயில் மூடியைத் திறந்து உள்ளங்கையை மேலே பிடிப்பார். காற்று முட்டித் தள்ளினால் உள்ளே தேய்மானம். சைலன்ஸரில் நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. மீட்டர் நாற்பதாயிரம் என்று காட்டும், கிளட்ச் பெடலின் ரப்பரோ வழவழவென்று தேய்ந்திருக்கும்; ரப்பரைத்தான் நம்புவார். டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கம் அது தயாரான வாரத்தையும் வருஷத்தையும் சொல்லிவிடும். பானெட் கீலின் போல்ட்டில் ஸ்பேனர் பட்ட வடு இருந்தால், ‘அடிபட்ட வண்டி சார்’ என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லுவார்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனையோ கார்கள் நாள்கணக்கில் நீரில் கிடந்தன. அதன் பிறகு சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்ப்பதும் கட்டாயமாகிவிட்டது. தரைவிரிப்பை மாற்றலாம், சீட்டைத் துவைக்கலாம். சுருளுக்குள் ஒளிந்திருக்கும் பெல்ட்டின் கடைசிச் சாணில் படிந்த சேற்றுக் கோட்டை நினைத்துப் பார்த்துக் கழுவுகிறவர்கள் குறைவு.

ஆனால் இத்தனை சோதனையும் கெட்டதைத்தான் பிடிக்கும். நல்லதை நல்லது என்று நிரூபிக்க அதில் வழியில்லை.

எங்களிடம் இருந்தது மாருதி 800. 796 சி.சி., மூன்று சிலிண்டர். 1983 டிசம்பரில் இந்திரா காந்தி முதல் வண்டியின் சாவியைக் கொடுத்ததில் தொடங்கி 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது வரை, நடுத்தர வர்க்கத்தின் முதல் கார் என்றால் பெரும்பாலும் அதுதான். எங்கள் வண்டி அந்தக் கதையின் பின்பாதியைச் சேர்ந்தது. பதினைந்து வருஷம் முடிந்து, ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்டி மேற்கொண்டு ஐந்து வருஷத்துக்குப் பதிவைப் புதுப்பித்து, பசுமை வரியும் கட்டியாகிவிட்டது. பார்க்க லட்சணமாக இருக்காது. வெயிலில் பெயிண்ட் வெளிறி, இடது பக்கம் டிங்கரிங் பார்த்த இடம் மட்டும் தனி நிறமாகத் தெரியும். ஆனால் நடுவழியில் நிறுத்தியதே இல்லை.

ஏன் நிறுத்தியதில்லை என்று விற்க முடிவு செய்த பிறகுதான் யோசித்தேன். செகண்ட் கியரை அவசரமாகப் போட்டால் கரகரக்கும். நியூட்ரலில் ஒரு நொடி நிறுத்திப் போட்டால் சத்தமே வராது. ஏற்காடு ஏறும்போது அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் ஏ.சி.யை அணைத்துவிட வேண்டும். சின்ன இன்ஜின், இரண்டு வேலையைச் சேர்த்துச் செய்யாது. பெட்ரோல் முள் கால் பங்குக்குக் கீழே வந்தால் அது சொல்வதைக் கேட்கக் கூடாது. ஓரிரு வாரத்துக்கு ஒருமுறை ரேடியேட்டர் தண்ணீரைப் பார்க்க வேண்டும். இதெல்லாம் குறைகள். ஆனாலும் எங்கள் வீட்டில் யாரும் அவற்றைக் குறை என்று சொன்னதில்லை. கை பழகிவிட்டது.

அப்போதுதான் ஒன்று பிடிபட்டது. அந்த வண்டியில் குறை இல்லாததால் நாங்கள் அதை நம்பவில்லை. அதன் குறை முழுவதும் எங்களுக்குத் தெரிந்திருந்ததால் நம்பினோம். ஷோரூமிலிருந்து நேற்று வந்த வண்டி எங்கே, எப்போது காலை வாரும் என்று அதன் சொந்தக்காரருக்குத் தெரியாது. அவர் வைத்திருப்பது வாரன்ட்டி. அதுவும் நல்ல விஷயந்தான், ஆனால் அது வேறு. அப்படியானால் வாங்க வருகிறவர் சாவியை மட்டும் கொண்டு போனால், எங்களிடம் ஒழுங்காக ஓடிய அதே வண்டி இரண்டாவது மாதமே அவரை மலையடிவாரத்தில் நிறுத்தும். இரும்பு கை மாறிவிடும். அதை நம்பகமான வண்டியாக வைத்திருந்த அறிவு எங்கள் வீட்டிலேயே தங்கிவிடும். குறையைச் சொல்லி விற்பது நேர்மை, தர்மம் என்று பெரிய பெயர் வைத்துப் பேசுகிறோம். எனக்கு அது சரக்கை முழுசாகக் கொடுப்பது என்றுதான் படுகிறது. குறையை மறைக்கிறவர் பாதி வண்டியைத்தான் விற்கிறார்.

சொல்வதும் அவ்வளவு சுலபமில்லை. வந்த இளைஞர் சேலத்தில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறவர். பெற்றோரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக ஒரு வண்டி வேண்டும் என்றார். நான் செகண்ட் கியரில் தொடங்கி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். அவர் முகம் தெளியவில்லை, இன்னும் இறுகியது. கடைசியில் கேட்டேவிட்டார்: “இத்தனை சொல்றீங்களே சார், அப்ப சொல்லாதது என்ன?”

நியாயமான கேள்வி. சின்ன நசுங்கலைத் தானாகவே காட்டிப் பெரிய ஓட்டையை மறைப்பது புரோக்கர்களின் பழைய வித்தை. உண்மை பேசுவதையும் ஒரு தந்திரமாகப் பயன்படுத்தலாம்; விளம்பரச் சொற்களைப் போல அதையும் ஒருநாள் செலவழித்துத் தீர்த்துவிடுவார்கள். வாய்ச்சொல்லால் தாண்ட முடியாத இடம் இது. சாவியைக் கொடுத்து, “நீங்களே ஓட்டுங்க தம்பி, நான் பக்கத்தில் உட்கார்கிறேன்” என்றேன். அஸ்தம்பட்டி நெரிசலில் செகண்ட் கியர் ஒருமுறை கரகரத்தது. அடுத்த முறை நியூட்ரலில் ஒரு நொடி நிறுத்திப் போட்டார். சத்தம் இல்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். குறையைச் சொல்ல யாராலும் முடியும். அதோடு எப்படிக் குடும்பம் நடத்துவது என்பதை, கூட இருந்து ஓட்டாதவரால் கற்பனை செய்து சொல்ல முடியாது. அந்த விவரந்தான் அவருக்குச் சாட்சியாக இருந்திருக்க வேண்டும். மெக்கானிக்கையும் கூட்டி வந்து காட்டினார்; நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்வேன். நான் சொன்ன குறைகளையெல்லாம் வரிசையாக எடுத்துவைத்து விலையில் கணிசமாகக் குறைத்தும்விட்டார். அதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான், இல்லை என்று சொல்லமாட்டேன்.

பெயர் மாற்றத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. வெற்றுப் படிவத்தில் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, ‘பெயரை மெதுவாக மாற்றிக்கொள்ளலாம்’ என்று சொல்வது இந்தத் தொழிலில் வழக்கம். 2007-ல் விற்ற கார் ஒன்று பல கை மாறி 2009-ல் விபத்தில் சிக்கியது. ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மட்டும் மாறவே இல்லை. பதிவில் பெயர் உள்ளவரே சட்டப்படி உரிமையாளர், இழப்பீடு அவர் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதனால் 29, 30 படிவங்களை நிரப்பி, ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு இருவருமே போய்க் கொடுத்துவிட்டு வந்தோம்.

சில வாரம் கழித்து அவரிடமிருந்து போன். ஏதோ புகார் என்று நினைத்துத்தான் எடுத்தேன். ஏற்காடு போய் வந்தாராம். ஏ.சி.யை முழுசாக அணைக்க வேண்டியதில்லை, வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் அணைத்து, நேர்ப்பாதை வந்ததும் போட்டுக்கொண்டால் போதும், அம்மாவுக்கும் புழுக்கமில்லை என்றார். “நீங்க அப்படி ஓட்டிப் பார்த்ததில்லையா சார்?” என்று கேட்டார். பார்த்ததில்லை. எந்த வளைவு வரைக்கும் இழுத்தது என்று விசாரித்தேன். பொறுமையாக விளக்கிச் சொன்னார்.