சனி பகவான் இரண்டு முறை பெயர்ந்தாரா?

2023-ம் ஆண்டு உங்கள் வீட்டிலும் இந்தக் குழப்பம் வந்திருக்கும். ஜனவரி 17-ம் தேதியே சனி பகவான் மகரத்திலிருந்து கும்பத்துக்குப் போய்விட்டார் என்றது திருக்கணிதப் பஞ்சாங்கம். வாக்கியப் பஞ்சாங்கமோ டிசம்பர் 20 என்றது. திருநள்ளாறில் விழா நடந்ததும் அன்றுதான். ஒரே கிரகம், இடையில் பதினொரு மாதம்! எந்த நாளை நம்பி எள் தீபம் ஏற்றுவது என்று கேட்கத் தோன்றும்தானே?

திருக்கணிதத்தில் உள்ள 'திரு' மங்கலச் சொல் அல்ல. பார்வை என்று பொருள்படும் 'த்ருக்' என்ற வடசொல்தான் அப்படி ஆகியிருக்கிறது. (தமிழ் படித்த நானே வெகுநாள் ஏமாந்திருந்தேன்!) கண்ணால் பார்த்துச் சரிசெய்த கணக்கு அது.

அந்தப் பெயரிலேயே 1431-ம் ஆண்டில் நூல் இயற்றியவர் கேரளத்துப் பரமேஸ்வரர். பாரதப்புழை கடலில் கலக்கும் கரையில் வாழ்ந்தவர். 1393 முதல் 1432 வரை கிரகணங்களைத் தாமே பார்த்துக் குறித்துவைத்தார். கிரகணத்தன்று நாம் கதவைச் சாத்திக்கொண்டு, பாத்திரத்தில் தர்ப்பை போட்டுக் காத்திருப்போம். அவர் வெளியே நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய கணக்கு சொன்ன நேரமும் கண் கண்ட நேரமும் ஒத்துப்போகவில்லை. கணக்கைத் திருத்தினார்.

'பெரியவர்கள் வாக்கைத் திருத்துவது அபசாரம் இல்லையா?' என்பீர்கள். இதற்கு, பரமேஸ்வரரின் மகன் தாமோதரரிடம் பயின்ற நீலகண்ட சோமயாஜி பதில் சொல்லியிருக்கிறார். சோமயாகம் செய்த வைதிகர் அவர். பிரம்மாவோ சூரியனோ நேரில் வந்து கணக்குச் சொல்லித் தருவதில்லை. தெய்வ அருள் என்பது நம் புத்தி தெளிவதே என்பது, 'ஜ்யோதிர்மீமாம்சா' என்ற நூலில் அவர் காட்டும் கருத்து. அந்தத் தெளிவோடு வானத்தைப் பார்த்து, கணக்கோடு ஒப்பிட்டு, பொருந்தாததைத் திருத்தச் சொல்கிறார். எனக்கு மெய் சிலிர்த்த இடம் இது.

அதற்காக வாக்கியத்தைப் பொய் என்று தள்ளிவிடாதீர்கள். அதுவும் ஒரு காலத்தில் வானத்தைப் பார்த்து அமைத்ததுதான். தினம் அரை நிமிடம் பின்தங்கும் சுவர்க் கடிகாரம் சில மாதங்களில் எவ்வளவு விலகிவிடும்? நூற்றாண்டுகளில் கிரகக் கணக்கும் அப்படித்தான். விரத நாட்களுக்கு உங்கள் குடும்ப வழக்கம் எதுவோ, அதையே தொடருங்கள். மாமியாரிடம் இதற்காக வழக்காட வேண்டாம்!

ஆனால், அடுத்த அமாவாசை கழிந்து காலண்டரில் 'சந்திர தரிசனம்' என்று போட்டிருக்கும் மாலையில் ஒன்று செய்யுங்கள். சூரியன் மறைந்ததும் குழந்தைகளை மொட்டை மாடிக்கு அழைத்துப் போய், மேற்கே பார்க்கச் சொல்லுங்கள். பிறை தெரிந்ததும் கை கூப்பிவிட்டு, எத்தனை மணிக்குத் தெரிந்தது என்று காலண்டர் தாளிலேயே எழுதி வையுங்கள்.