மன்னிப்புக்குரிய உச்சரிப்புகள்

2017இல் தொண்ணூற்றொரு வயதான அமெரிக்க நடிகர் டிக் வான் டைக்குக்கு பிரிட்டனின் பாஃப்டா அகாதமி ஒரு விருது அறிவித்தது. அவர் நன்றி சொன்னதோடு நிற்கவில்லை, மன்னிப்பும் கேட்டார். குற்றம் நடந்தது 1964இல். 'மேரி பாப்பின்ஸ்' படத்தில் புகைபோக்கி துடைக்கும் பெர்ட்டாக வந்து, கிழக்கு லண்டன் உழைப்பாளிகளின் காக்னி பேச்சைப் பேசியதுதான் அது. திரைப்பட வரலாற்றிலேயே அதைவிடக் கொடிய காக்னி கிடையாது என்ற பொருள்பட, தம் மீதான தீர்ப்பைத் தாமே வாசித்தார். ஐம்பத்து மூன்று ஆண்டுகளாக பிரிட்டிஷார் அதை நினைவில் வைத்திருந்தார்கள். தாங்கள் ஆண்ட நாடுகளில் நடந்த பலவற்றை அவர்கள் அதைவிட விரைவாக மறந்திருக்கிறார்கள்.

ஷான் கானரிக்கு இந்தச் சங்கடம் நேரவில்லை. 1987இல் வந்த 'தி அன்டச்சபிள்ஸ்' படத்தில் அவர் சிகாகோவின் ஐரிஷ் வம்சாவளிப் போலீஸ்காரர். வாயைத் திறந்தால் அவர் பிறந்த ஸ்காட்லாந்தின் எடின்பரோ. மூன்றாண்டு கழித்து 'தி ஹன்ட் ஃபார் ரெட் அக்டோபர்' படத்தில் சோவியத் நீர்மூழ்கிக் கப்பலின் தலைவர், அங்கேயும் எடின்பரோ. மோசமான உச்சரிப்புகளுக்காக 'எம்பயர்' இதழ் 2003இல் நடத்திய வாசகர் வாக்கெடுப்பில் முதலிடம் அந்தப் போலீஸ்காரருக்கு, வான் டைக்குக்கு இரண்டாமிடம்தான். ஆனால் அதே வேடத்துக்குத்தான் கானரிக்கு ஆஸ்கார் கிடைத்தது. முயன்று தோற்றவர் அரை நூற்றாண்டு கேலிக்கு ஆளானார். முயலவே முயலாதவர் விருது வாங்கினார்.

ஆகவே திரையில் ஒருவர் வேற்று ஊர் ஆங்கிலத்தை எவ்வளவு நன்றாகப் பேசினார் என்று கேட்கும்போது, காதின் தீர்ப்பை மட்டும் நம்பிவிட முடியாது. ஆனாலும் காதுக்கு உரியதை முதலில் கொடுத்துவிடலாம். இது கடினமான வேலை. அமெரிக்கர் பெரும்பாலோர் உயிரெழுத்துக்குப் பின்வரும் ரகரத்தை முழுதாக ஒலிப்பார்கள். லண்டன் படிப்பாளி அதை விழுங்கிவிடுவார். இரண்டு உயிர்களுக்கு நடுவே வரும் டகரத்தை அமெரிக்க நாக்கு மெல்லத் தட்டிவிட்டுப் போகும்; காக்னி பேசுபவர் அதைத் தொண்டையிலேயே வெட்டிவிடுவார். இவற்றைப் பட்டியல் போட்டுப் படித்துவிடலாம். படிக்க முடியாதது, பேசாமல் இருக்கும்போது தாடையும் நாக்கும் எங்கே ஓய்வெடுக்கின்றன என்பது. அதைப் பிடிக்கத்தான் பயிற்சியாளர்கள் வாரக்கணக்கில் நடிகர்களோடு உட்காருகிறார்கள். நீண்ட வசனத்தில் யாரும் மாட்டுவதில்லை. கோபத்தில் கத்தும்போதும், 'சரி', 'அப்படியா' போன்ற சில்லறைச் சொற்களிலும்தான் ஊர் வெளியே வந்துவிடும். மேடையில் அருவியாகப் பொழியும் பேச்சாளரை ஒரே ஒரு ழகரத்தில் நாம் அளந்துவிடுவதில்லையா, அப்படி.

ஆங்கிலேய நடிகர் ஹியூ லாரி எட்டு ஆண்டுகள் (2004 முதல் 2012 வரை) 'ஹவுஸ்' தொடரில் அமெரிக்க மருத்துவராக நடித்தார். 'கொரனரி ஆர்ட்டரி' போன்ற ரகரக் கண்ணிகள் தினமும் வாயில் விழும் வேடம் அது. நமீபியாவில் வேறொரு படப்பிடிப்பில் இருந்தபோது, வெளிச்சம் போதுமானதாக இருந்தது என்பதற்காக ஓட்டல் குளியலறையில் பதிவு செய்து அனுப்பிய காட்சிதான் அவருக்கு அந்த வாய்ப்பைத் தந்தது. அதைப் பார்த்த இயக்குநர் பிரையன் சிங்கர், இப்படி ஓர் அசல் அமெரிக்கரைத்தான் தேடிக்கொண்டிருந்தேன் என்று மகிழ்ந்தாராம். 'தி வயர்' தொடருக்கான தேர்வில் இட்ரிஸ் எல்பா தாம் லண்டன்காரர் என்பதையே வெளிக்காட்டவில்லை. அதே தொடரில் பால்டிமோர் துப்பறிவாளராக வந்தவர் ஷெஃபீல்டில் பிறந்த டொமினிக் வெஸ்ட். இரண்டாம் பருவத்தில் அந்தத் துப்பறிவாளர் ஆங்கிலேய வாடிக்கையாளர் போல வேடமிட்டு ஒரு விபச்சார விடுதிக்குள் போக வேண்டும். வெஸ்ட் தம் தாய்மொழியை, ஓர் அமெரிக்கர் கெடுப்பது போலவே கெடுத்துப் பேசினார். இந்தக் கலையில் நான் பார்த்த உச்சம் அந்தச் சில நிமிடங்கள்தான். தன் சொந்தப் பேச்சைத் தப்பாகப் பேச எவ்வளவு சரியாகக் கேட்டிருக்க வேண்டும்!

அமெரிக்கர்களில் இப்படித் தேறியவர்கள் இல்லாமல் இல்லை. டெக்ஸாஸில் வளர்ந்த ரெனே ஜெல்வெகர், 'பிரிட்ஜெட் ஜோன்ஸ்' வேடத்துக்காக லண்டன் பதிப்பகம் ஒன்றில் வேலை பார்த்துப் பழகி, 2001இல் ஆங்கிலேயர்களையே நம்பவைத்தார். இருந்தாலும் கணக்குப் பார்த்தால் அட்லாண்டிக்கை பிரிட்டன் பக்கமிருந்து கடந்தவர்களே நன்றாகக் கடந்திருக்கிறார்கள். பிரிட்டிஷ் காது பிறந்ததிலிருந்து அமெரிக்கப் படங்களைக் கேட்டு வளர்கிறது என்று காரணம் சொல்வார்கள். பிரிட்டனில் பேச்சு சில மைல்களுக்கு ஒருமுறை மாறும், வர்க்கத்துக்கு வர்க்கமும் மாறும் என்பதால் அதைப் பிடிப்பது கடினம் என்பார்கள். இரண்டும் உண்மை. ஆனால் பணம் ஹாலிவுட்டில் இருக்கிறது. வேலை எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊர்ப் பேச்சை மனிதர்கள் நன்றாகவே கற்றுக்கொள்கிறார்கள். சூப்பர்மேனும் பேட்மேனும் ஸ்பைடர்மேனும் பிரிட்டிஷ் நடிகர்கள் கைக்குப் போனது, லண்டனில் நாக்கு சிறப்பாகப் படைக்கப்படுகிறது என்பதால் அல்ல.

கேட்பவரின் பகையும் இதில் தன் பங்கைச் செய்யும். 'கான் வித் தி விண்ட்' (1939) படத்தின் ஸ்கார்லெட் வேடம், டார்ஜிலிங்கில் பிறந்த ஆங்கிலேய நடிகை விவியன் லீக்குக் கிடைத்தபோது அமெரிக்கத் தென்மாநிலங்களில் முணுமுணுப்பு எழுந்தது. பிறகு, வடக்கத்திய அமெரிக்கப் பெண்ணுக்குப் போகாமல் ஓர் ஆங்கிலேயப் பெண்ணுக்குப் போனதே என்று சிலர் ஆறுதல் கொண்டார்கள். வடக்குக்கும் தெற்குக்கும் நடந்த உள்நாட்டுப் போர் முடிந்து எழுபத்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. லீ ஆஸ்கார் வாங்கினார். 1951இல் 'எ ஸ்ட்ரீட்கார் நேம்ட் டிசையர்' படத்தில் இன்னொரு தென்மாநிலப் பெண்ணாக நடித்து இரண்டாவதும் வாங்கினார்.

வரலாற்றைக் கூப்பிட்டால் காது இன்னும் சங்கடப்படும். 1991இல் அமெரிக்க நடிகர் கெவின் காஸ்ட்னர் ராபின் ஹூடாக நடித்தபோது, அவருடைய ஆங்கிலேய உச்சரிப்பு காட்சிக்குக் காட்சி வந்து போனதைச் சொல்லிச் சிரித்தார்கள். எதிரியாக வந்த ஆலன் ரிக்மனின் பளிங்கு போன்ற லண்டன் பேச்சை மெச்சினார்கள், பாஃப்டாவும் அவருக்கே. கதை நடப்பதோ பன்னிரண்டாம் நூற்றாண்டில். அந்நாளைய இங்கிலாந்து ரகரத்தை நன்றாகவே ஒலித்தது. தென் இங்கிலாந்தின் மேட்டுக்குடி அதை விழுங்கப் பழகியது பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான், கிட்டத்தட்ட அமெரிக்கா கைவிட்டுப் போன காலத்தில். ரகரத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் காஸ்ட்னர் பக்கமே நியாயம் அதிகம். உண்மையில் இருவர் பேச்சும் ராபின் ஹூடுக்கு ஒரு வரிகூடப் புரிந்திருக்காது. ரோமாபுரிச் செனட்டர்களும் லண்டன் உச்சரிப்பில் பேசினால்தான் அவர்கள் பழங்காலத்தவர் என்று நமக்கு நம்பிக்கை வருகிறது. திரை பழக்கிய காதை வைத்துக்கொண்டுதான் திரையைச் சரிபார்க்கிறோம்.

சிரிப்பு நிற்கும் இடம் ஒன்று உண்டு. 'செல்மா' (2014) படத்தில் மார்ட்டின் லூதர் கிங்காக நடித்த டேவிட் ஒயெலோவோ பிரிட்டிஷ்காரர். கிங்கின் உரைகளுக்கான படமாக்கும் உரிமை வேறொருவரிடம் இருந்ததால், இயக்குநர் ஏவா டுவெர்னே அந்த உரைகளைப் போலவே ஒலிக்கும் புதிய உரைகளை எழுதினார். குரலும் கிங்குடையதல்ல, சொற்களும் அல்ல. அரங்கம் நம்பியது, நானும் நம்பினேன். ஆனால் இன்னொரு பிரிட்டிஷ்காரரான டேனியல் கலூயா நடித்த 'கெட் அவுட்' வெளியான 2017இல் அமெரிக்கக் கறுப்பின நடிகர் சாமுவேல் எல். ஜாக்சன் ஒரு வானொலிப் பேட்டியில் கேள்வி எழுப்பினார். அமெரிக்கக் கறுப்பினத்தவரின் அச்சத்தைச் சொல்லும் கதையை அங்கேயே பிறந்து வளர்ந்த ஒருவர் நடித்திருந்தால் எப்படி இருந்திருக்கும்? பிரிட்டிஷ் நடிகர்களுக்குச் சம்பளம் குறைவு என்பதையும் அவர் சொல்லாமல் விடவில்லை. கலூயாவின் உச்சரிப்பில் யாரும் குறை கண்டதில்லை. குறையே இல்லாததுதான் இங்கே பிரச்சினை: பேச்சை இவ்வளவு சுத்தமாகக் கழற்றி எடுத்துவர முடியுமானால், அந்தப் பேச்சோடு வாழ்ந்தவரைக் கூப்பிட வேண்டியதில்லை. கலூயா சிறந்த நடிகர், அந்தப் படத்தில் வேறொருவரை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஜாக்சனின் கேள்விக்கு அது பதிலாகாது.

அதே 2017இல்தான் இந்திய வம்சாவளி அமெரிக்க நகைச்சுவையாளர் ஹரி கொண்டபொலு 'தி ப்ராப்ளம் வித் அபு' என்ற ஆவணப்படத்தை வெளியிட்டார். 'தி சிம்ப்சன்ஸ்' தொடரின் கடைக்கார இந்தியர் அபுவுக்கு 1990 முதல் குரல் கொடுத்தவர் அமெரிக்க நடிகர் ஹாங்க் அசாரியா. அந்தக் குரலுக்கு அவர் முன்மாதிரிகளில் ஒன்றாகக் கொண்டது, 'தி பார்ட்டி' (1968) படத்தில் முகத்துக்குப் பழுப்புச் சாயம் பூசி இந்தியராக நடித்த ஆங்கிலேயர் பீட்டர் செல்லர்ஸின் பேச்சை. போலியைப் பார்த்து எடுத்த போலி. இந்தியாவில் எந்த ஊரில் அப்படிப் பேசுகிறார்கள் என்று கேட்க எவரும் மெனக்கெடவில்லை. எந்த வாக்கெடுப்பிலும் அதற்கு இரண்டாமிடம்கூடக் கிடைத்ததாகத் தெரியவில்லை. அமெரிக்கப் பள்ளிகளில் படித்த நம் பிள்ளைகளுக்கு முகத்துக்கு நேரே அந்தக் குரலைப் பேசிக் காட்டினார்கள், அவ்வளவுதான். அசாரியா 2020இல் விலகினார், அடுத்த ஆண்டு மன்னிப்புக் கேட்டார். நேர்மையான மன்னிப்பு என்றே நினைக்கிறேன். ஆனால் காக்னிக்குச் சொல்லப்பட்டது விருது விழாவின் நகைச்சுவை. இது முப்பது ஆண்டு வசூலுக்குப் பிறகு வந்தது.

அமெரிக்காவின் தென் கரோலினாவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த நடிகர் அசீஸ் அன்சாரி. 2015இல் வந்த அவருடைய 'மாஸ்டர் ஆஃப் நன்' தொடரின் ஓர் அத்தியாயம் முழுக்க இதைப் பற்றியது. நடிகர் தேர்வுக்குப் போகும் இளைஞனிடம் அமெரிக்க ஆங்கிலம்தான் இருக்கிறது. அவர்களுக்கு வேண்டியதோ இந்திய வாடை அடிக்கும் ஆங்கிலம். அவன் மறுக்கிறான், வேடம் போகிறது. அதே தொடரில் அவனுடைய அப்பாவாக வருபவர் அன்சாரியின் சொந்தத் தந்தை. தமிழ்நாட்டிலிருந்து போய் அங்கே பல்லாண்டு வாழ்ந்தவருக்கு வாய்க்கும் ஆங்கிலத்தை அவர் இயல்பாகப் பேசுகிறார். அமெரிக்கத் திரையில் நம்மவர் பேச்சைச் சரியாகப் பேசியவர் யார் என்று என்னைக் கேட்டால் அவரைத்தான் சொல்வேன். அவர் நடிகர் அல்ல, மருத்துவர்.