கனிதரும் கிளைக்கும் ஏன் கத்தரி?



திருச்சிலுவையின் பெயரைத் தாங்கிய ஆலயத்தை உடைய சொறிக்கல்முனை மக்களுக்குச் சிலுவையைப் பற்றிப் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை. ஆனால் அருளப்பர் நற்செய்தி 15ஆம் அதிகாரத்தில், நம் ஆண்டவர் தம் பிதாவைத் தோட்டக்காரராகக் காட்டி, கனிதரும் கிளையையும் அவர் கத்தரிக்கிறார் என்று போதிப்பது பலருக்குக் கலக்கம் தருகிறது. கனிகொடாத கிளையை வெட்டுவது நியாயம். கனிதரும் கிளைக்கு ஏன் கத்தரி?

ஜப்பானியர் சிறு சட்டியில் வளர்க்கும் பொன்சாய் மரத்தைப் பாருங்கள். ஒரு கிளையின் நுனித் தளிர் ஓங்கி நிற்கும்வரை, அதன் கீழுள்ள பக்க மொட்டுகள் உறங்கிக் கிடக்கும். நுனியிலே உண்டாகும் ஓக்சின் என்னும் சுரப்பு அவற்றை அடக்கிவைக்கிறது. தோட்டக்காரன் ஓரிரு இலைகளை விட்டு நுனியைக் கத்தரிக்கிறான். உறங்கிய மொட்டுகள் விழிக்கின்றன. ஒன்று இருந்த இடத்தில் இரண்டு. அவற்றையும் கத்தரித்தால் நான்கு, பின்பு எட்டு. தடித்த ஒரு கொம்பு நீளவேண்டிய இடத்தில் மெல்லிய சிறுகிளைகள் அழகாய் விரிகின்றன. நம் வளவு முருங்கையைத் தறிப்பதும், மலையகத்தில் தேயிலையைக் கவ்வாத்துச் செய்வதும் இதே நியதிதான்.

நலிந்த மரத்தைத் தோட்டக்காரன் இவ்வாறு வெட்டமாட்டான். தெம்புள்ள மரத்தையே, அது தாங்குமளவுக்கே வெட்டுவான். வெட்டுகிற அந்தக் கைதான் நாள்தோறும் தண்ணீர் ஊற்றுகிற கையும்.

1625ஆம் ஆண்டு முதல் வளர்ந்துவரும் ஒரு பொன்சாய்ப் பைன் மரம் ஹிரோஷிமாவில் யமாகி குடும்பத்தாரிடம் இருந்தது. 1945 ஓகஸ்ட் 6ஆம் திகதி, ஏறத்தாழ 3 கிலோமீற்றர் தூரத்தில் அணுகுண்டு வெடித்தபோது, மதிலின் மறைவில் அது தப்பியது. 1976இல் அக்குடும்பத்தார் அதை அமெரிக்காவுக்கே அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். அந்த மரத்துக்கு வடிவு தந்தவை தலைமுறை தலைமுறையாய்ப் பராமரித்த கைகள், குண்டு அல்ல.

ஆகையால், 2004 டிசம்பர் 26இல் கல்முனைக் கரையிலே பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த தாயிடமும், 2009இல் முடிந்த யுத்தத்தில் மகனை இழந்த தகப்பனிடமும், “ஆண்டவர் உங்களைக் கத்தரித்தார்” என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். அவர்களோடு கூட இருந்து அழுங்கள்.

அப்படியானால் பிதாவின் கத்தரி எது? அடுத்த வசனத்திலேயே விடை உண்டு: தம் வார்த்தையினால் சீடர்கள் ஏற்கெனவே சுத்தமானார்கள் என்கிறார் ஆண்டவர். மூலமாகிய கிரேக்கத்தில் கத்தரித்தல், சுத்தம் இரண்டும் ஒரே வேரிலிருந்து பிறந்த சொற்கள். வார்த்தையே கத்தரி. அது தொடுவது நம் ஓங்கிய நுனியை.

வீட்டில் தன் சொல்லே சட்டம் என்றிருக்கும் தகப்பன் ஒரு நுனி. பங்குச் சபையில் ஆண்டாண்டாய்ப் பதவியை விடாத பெரியவர் ஒரு நுனி. பீடத்தில் நின்று போதிக்கும் குருக்களாகிய நாங்களும் விலக்கல்ல. நாம் ஓங்கி நிற்குமட்டும் மனைவியின் ஆலோசனையும், இளையோரின் ஆற்றலும், பேசத் தயங்கும் ஏழையின் விசுவாசமும் உறங்கும் மொட்டுகளே. நாம் சற்றே தாழ்ந்தால் அவை துளிர்க்கும்.

இன்றிரவு வீட்டில் செபமாலையைக் கடைக்குட்டி தொடங்கட்டும். அடுத்த சபைக் கூட்டத்தில் இளையவர் முதலில் பேசட்டும். ஒலிவத் தோப்பிலே தம் சித்தத்தைப் பிதாவின் சித்தத்துக்குக் கையளித்து, திருச்சிலுவையில் நம் எல்லோருக்கும் இடம் தந்த இயேசு, இந்த வரத்தை நமக்கு அருள்வாராக. ஆமென்.